தானாகக் கழன்ற போல்ட்டு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் சுகன்யா வீட்டுக்கு நிச்சயதார்த்தத் தேதி குறிக்கப் போயிருந்தோமே, அங்கே உன் வருங்கால மாமனார் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "பொண்ண குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் யோசனை இல்ல சம்பந்தி. ஆனா எங்க படகை மட்டும் மாப்ள கையில குடுக்க மாட்டேன்பா. சோடாவுல போட்டுக் கரைச்சிட்டாருன்னா நான் இன்னா பண்றது?" என்றார். மனிதர் குத்திக்காட்டவில்லை, வேடிக்கைக்குத்தான் சொன்னார். கூடமே சிரித்தது. நீயும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். எல்லாரையும்விட என் சிரிப்புதான் சத்தமாக இருந்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி உன் அம்மா. வாய்வரை கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். இன்னொருத்தி சுகன்யா. கதவோரமாக நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது செங்கல்பட்டு வரைக்கும் நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். நீ என் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காமல் உன் துண்டை மடித்து வைத்தாய். தூங்கவில்லை கண்ணு, நடித்தேன். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உன் அம்மா பிடித்துக்கொண்டாள். "உன் புள்ள ஒரு தபா சொன்ன பொய்ய நீ மூணு வருசமா உக்காந்து சாப்ட்டுக்கினு இருக்கிறியே, இன்னும் ஜீரணம் ஆவலையா உனக்கு?" என்றாள். எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருக்கிற வாய் இது என்று ஊரே சொல்லும். அன்றைக்குச் செருப்போடு அப்படியே பட்டறைக்குப் போய்விட்டேன்.

நேரில் சொன்னால் பாதியிலேயே வேடிக்கையாக்கி விடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். இதை மூடி ஒட்டப் போவதில்லை. அம்மா படிக்கட்டும். சுகன்யாவிடமும் கொடு, அவளும் படிக்கட்டும். அவளுக்கு நடந்தது தெரியாது என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு படி.

நீ படகு மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்தே நான் கேலிதான் பேசினேன். "காஞ்சிபுரத்துல கடல் எங்கடா இருக்குது? பாலாத்துலயே தண்ணி கெடையாது. மணல்ல ஓட்டப் போறியா?" என்று கேட்டேன். சாயப்பட்டறைக்கு வந்துபோகிறவர்கள் எல்லாரிடமும் இதைச் சொல்லிச் சிரித்தேன். நீயோ விடிந்தால் டவுன் பஸ், அங்கிருந்து கோவளம் பஸ் என்று போய்வந்து, உப்பங்கழியில் உல்லாசப் படகு விடுகிறவர்களிடம் வேலை கற்றுக்கொண்டாய். முதலில் கூலியாளாக, அப்புறம் கைத்துணையாக இருந்தாய். கடைசியில் ஒரு படகுக்காரர் "இத்த நீயே தனியா பண்ணுப்பா" என்று ஒரு வேலையை உன் பேரிலேயே கொடுத்தார். அன்று நீ வீட்டுக்கு வந்த முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த முகத்தை அப்புறம் வெகுநாள் நான் பார்க்கவே இல்லை.

அந்தப் படகின் காலை ஒரு குட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு செவிலிமேட்டுக்கு, நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பட்டறைக்குக் கொண்டுவந்தாய். கால் என்றுதான் நீங்கள் எல்லாம் சொல்கிறீர்கள். நான் ஏதோ யானைக் கால் என்று நினைத்தேன். நீதான் குந்தி உட்கார்ந்து சொன்னாய்: "எஞ்சின் படகுக்கு உள்ள இருக்கும் நைனா. இது பின்னாடி தண்ணிக்குள்ள தொங்கற காலு. ஸ்டெர்ன் டிரைவுன்னு பேரு. எஞ்சின் சுத்தறத, இதுக்குள்ள இருக்கற பல்சக்கரம்தான் கீழ காத்தாடிக்குக் கொண்டுபோவுது. மொத்தமும் அலுமினியம். உப்புத் தண்ணி அலுமினியத்தத் தின்னுடும். அதுக்குத்தான் ஓரமா ஒரு துத்தநாகத் துண்டு மாட்டறது. உப்பு மொதல்ல அத்தத் தின்னும். இந்தப் படகுக்காரரு அத்த வருசக்கணக்கா மாத்தவே இல்ல." நான் உடனே, "தின்னுட்டுப் போவட்டும்னு ஒரு பொருளு, அத்தக் காசு குடுத்து வேற வாங்கணுமா?" என்றேன். அதற்கும் சிரித்தேன்.

ஒட்டியிருந்த சிப்பி, பூத்திருந்த வெள்ளை உப்பு, உள்ளே கறுத்துப்போன எண்ணெய் என்று பார்க்கவே கண்றாவியாக இருந்தது அது. ஆனால் நீ டார்ச் அடித்து உள்ளே காட்டினாய். "வெளிய இருக்கற ரப்பர் ஒற, சீலு, பேரிங்கு எல்லாம் போயிடுச்சு. அதெல்லாம் மாத்திடலாம். ஆனா பேரிங் வந்து உக்கார்ற எடம் பாரு நைனா, கண்ணாடி மாதிரி இருக்குது. இந்த எடம் மட்டும் போயிருந்தா மொத்தத்தையும் காயலான் கடைக்குத்தான் போடணும்." அந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னாய். தடவினேன். வழவழவென்று இருந்தது. எதைத் தொடக் கூடாது, எது கெட்டால் எல்லாம் போகும் என்று விரலைப் பிடித்து வைத்துக் காட்டிய பிறகுதான் கண்ணு, நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஒரே ஒரு போல்ட்டு மட்டும் உனக்கு வர மறுத்தது. இரும்பும் அலுமினியமும் உப்பில் ஊறி ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டுவிட்டன என்றாய். எண்ணெய் விட்டாய், லேசாகச் சூடு காட்டினாய், தட்டிப் பார்த்தாய், மறுபடியும் எண்ணெய் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாய். "இன்னாடா, போல்ட்டுக்கு எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டறியா? நாள் கெழமை ஏதாவதா?" என்றேன். "அவசரப்பட்டா தல முறிஞ்சிடும் நைனா. அதுவா எறங்கி வரட்டும்" என்றாய். உன் பொறுமையைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் தொழிலில் சாயம் கொதிக்கும்போது அரை நிமிஷம் தாமதித்தால் அரக்கு நிறம் கறுத்துவிடும். உட்கார்ந்து காத்திருக்கிறவனை நான் சோம்பேறி என்றே பழகியவன்.

அடுத்த நாள் நீ பேரிங்கும் சீலும் வாங்கச் சென்னைக்குப் போனாய். போகும்போது, "யாரும் அத்தத் தொட வேணாம் நைனா" என்று சொன்னாய். என்னிடம்தான் சொன்னாய். அன்றைக்குத்தான் நம் நெசவு முதலாளி சாயம் பார்க்க வருவதாக இருந்தது. சுகன்யாவுக்காகச் சொல்கிறேன்: நாங்கள் அவரிடம் பட்டு நூலை வாங்கிச் சாயம் ஏற்றிக் கொடுக்கிறோம், அவர் அதைத் தறிகளுக்குக் கொடுக்கிறார். எங்கள் அடுப்பு எரிவது அவர் நூலால்தான். கிளிப்பச்சையும் மயில்கழுத்தும் கொடியில் தொங்குகிற இடத்தில் மீன் நாற்றத்தோடு ஒரு பிசாசு படுத்திருந்தால் அவர் மூக்கைச் சுளிப்பாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நீ நாள் கணக்கில் சுரண்டிக்கொண்டிருப்பதை நான் ஒரே கொதியில் முடித்துக் காட்ட வேண்டும் என்று கை அரித்தது. கச்சாப் பட்டில் ஒரு பசை ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால் பசை கழன்று பட்டு பளபளவென்று வெளியே வரும். வாழ்நாள் முழுக்க அதையே செய்தவனுக்கு எதைப் பார்த்தாலும் அதே வைத்தியம்தான் தோன்றும்.

சாதாரணச் சோடாவோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. காஸ்டிக் சோடாவை எடுத்தேன். அதைப் பட்டுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, பட்டே கரைந்துவிடும். சாயம் ஏறிப்போன இரும்புத் தொட்டிகளைத் தேய்க்க மட்டும் வைத்திருப்பது. தொட்டியை ஒன்றும் செய்யவில்லையே, அப்படியானால் உலோகத்துக்கு ஆகும் என்று நினைத்தேன். எல்லா உலோகமும் எனக்கு ஒரே உலோகம்தான். ஆட்கள் இரண்டு பேர் பிடித்து அந்தக் காலைக் கொதிக்கிற தொட்டிக்குள் இறக்கினார்கள்.

புசுபுசுவென்று பொங்கியது பார், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுக்குத்தான் அப்படிப் பொங்குகிறது என்று நினைத்தேன். உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வந்து பாரு, உன் புள்ள ஒரு வாரமா கெஞ்சிக்கினு இருந்தானே, எப்படிப் போவுது பாரு!" அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னா, அலுமினியமா? அலுமினியச் சட்டியில சோடா போட்டாலே கறுத்துப் பூடுமே, எங்கம்மா போட விடாது" என்றாள். "சமையக்கட்டு சங்கதிய இங்க பேசாத" என்று அவளை விரட்டினேன். அதற்குள் முதலாளி வந்துவிட்டார். சாயம் பார்த்து, டீ குடித்து, முகூர்த்த மாதத்துக்கு எத்தனை நூல் வேண்டும் என்று பேசி அவரை அனுப்பிவிட்டு நான் திரும்பி வரும்வரை அது தொட்டிக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தது.

வெளியே எடுத்தபோது கரிச்சட்டி மாதிரி இருந்தது. சிப்பி இல்லை, உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. உன்னோடு மல்லுக்கட்டிய போல்ட்டு நான் தொட்டதும் லொடக்கென்று என் கையில் விழுந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லையடா. அதைத் துடைத்து எண்ணெய் தடவி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்ததும், உன் கையைப் பிடித்து அதில் வைத்தேன். "இந்தா. உன்னால முடியல, என்னால முடிஞ்சிது பாரு" என்றேன்.

நீ போல்ட்டைப் பார்க்கவில்லை. அது இருந்த ஓட்டையைப் பார்த்தாய். மரை எல்லாம் கரைந்து எலிப்பொந்து மாதிரி ஆகியிருந்தது. அதனால்தான் அது விழுந்தது, என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. அப்புறம் டார்ச் அடித்து உள்ளே பார்த்தாய். அந்தக் கண்ணாடி இடத்தை விரலால் தடவினாய். விரலை வெளியே எடுத்தபோது கரி ஒட்டியிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சத்தமாகப் பேசியிருக்கலாம் நீ. வாங்கிவந்த பேரிங் டப்பாவைத் திறக்காமலேயே அலமாரியில் வைத்துவிட்டு, "சாப்ட்டியா நைனா?" என்று கேட்டாய். அன்று நீ என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் படகுக்காரர் வந்தார். வேலை எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் வந்தார், பாவம். முதலாளியும் விட்டுப்போன ஒரு நிறத்துக்குச் சொல்ல வந்து அங்கேயே நின்றிருந்தார். ஆட்கள் இருந்தார்கள். படகுக்காரர் குனிந்து பார்த்தார், முகம் மாறிவிட்டது. "யாருய்யா இத்த இப்படிப் பண்ணது?" என்றார். நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது சத்தியம். வார்த்தை வரவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நீயும் என்னைப் பார்த்தாய். அதற்கப்புறம் அவர் பக்கம் திரும்பி, "நான்தாங்க. தெரியாம சோடாவுல போட்டுட்டேன்" என்றாய்.

அதோடு நான் சும்மா இருந்திருந்தால்கூட ஏதோ கோழை என்று என்னை நானே மன்னித்திருக்கலாம். அவர் உன்னை, "மெக்கானிக்குன்னு சொல்லிக்கினு திரியறியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டபோது நானும் சேர்ந்துகொண்டேன். "நான் அப்பவே சொன்னேங்க, கேட்டாத்தானே! அவசரக்குடுக்க. எங்க வேலையிலயும் இப்படித்தான், கொதிக்கறதுக்கு முந்தியே எறக்கிடுவான்" என்று இல்லாததையும் இட்டுக்கட்டிச் சொன்னேன். பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய் வேண்டியிருந்தது, அதற்கு உன்னையே எடுத்துக்கொண்டேன். நீ என்னைப் பார்த்தாய். ஒரு கோபமும் இல்லாமல் பார்த்தாய். முதலாளி போகும்போது என் தோளைத் தட்டி, "உன் கை வேற, அவன் கை வேற" என்று ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன். சாக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள், பாதி சாக்குத்தான். என் அப்பா மாகறலில் அடுத்தவன் கழனியில் நாத்து நட்டவர். சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. நான் சாயப்பட்டறையில் விறகு தள்ளுகிறவனாகச் சேர்ந்தபோது நூலைத் தொடவே விடமாட்டார்கள். கெஞ்சிக் கெஞ்சித் தொட்டேன். ஒரு முறை அரக்கில் திட்டு விழுந்துவிட்டது. அதே பட்டறையில் மற்றவன் கெடுத்தால் 'இன்னிக்கு அவனுக்குக் கை சரியில்ல' என்பார்கள். நான் கெடுத்தபோது, 'இவங்க கையில நூலக் குடுத்தா இப்படித்தான்' என்றார்கள். இவங்க என்று சொன்னார்களே, அதில் நான் மட்டும் இல்லை, என் அப்பன் பாட்டன் எல்லாரும் இருந்தார்கள். அதற்கப்புறம் இத்தனை வருஷம், கெடுத்தான் என்ற பேர் என் மேல் விழாமல் பார்த்துக்கொண்டேன். விழுந்துவிடுமோ என்ற பயத்தில்தான் அன்றைக்கு முதலாளி முன்னால் உண்மையைச் சொல்லாமல் விட்டேன். ஆனால் கண்ணு, அந்தப் பேர் விழாமல் போகவில்லை. நான் நகர்ந்துகொண்டேன், அது உன்மேல் விழுந்தது. என்னை யாரோ ஒருத்தன் 'இவங்க' என்று சொன்னான். உன்னையோ, பெற்ற அப்பனே சொன்னான். எது பெரிது என்று நீயே சொல்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அது உனக்கு முழுசாகத் தெரியாது என்று நினைக்கிறேன். கூரத்தில் உன் அத்தை வீட்டு மஞ்சள் நீராட்டுக்குப் போனபோது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கதையை நானே எடுத்துவிட்டேன். "எங்க ஊட்டுப் புள்ள படகை வேகவெச்சவன்பா! உப்பு பார்த்தியாடான்னு கேட்டேன்" என்று. எல்லாரும் புரையேறச் சிரித்தார்கள். நீ சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தாய். என் இலைக்கு வந்தபோது எதுவும் காதில் விழாதவன்போல், "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா நைனா?" என்றாய். ஊற்றச் சொன்னேன். சாப்பிட்டேன். அதற்கப்புறம் இரண்டு விசேஷங்களில் அதே கதையைச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல எனக்கே அது நீ செய்ததுபோல் ஆகிவிட்டது.

நீ அந்தக் காலுக்காகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொடுத்தாய். அதைவிடப் பெரிதாகக் கொடுத்தது உன் பேரை. கோவளம் துறையில் உன்னைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, 'சோடா' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று ஒருநாள் உன் சிநேகிதன் வாய்தவறி என்னிடம் சொன்னான். ஒருத்தரும் தங்கள் படகுக் காலைத் திறக்க உன்னை விடவில்லை. தூத்துக்குடிப் பக்கம் போய் யாருக்கும் தெரியாத இடத்தில் வேலை செய்தாய். திரும்பி வந்து இப்போது செவிலிமேட்டில் போர்வெல் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறாய். பேரிங் மாற்றும்போது அந்தக் கண்ணாடி இடத்தைத் தடவிப் பார்க்கிற பழக்கம் மட்டும் உன்னை விட்டுப் போகவில்லை. வாசலில் நின்று பல நாள் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

இப்போது உன் மாமனாரும் அவர் தம்பியும் சேர்ந்து வாங்கியிருக்கிற பழைய படகுக்கும் அதே மாதிரிக் கால், அதே உப்பு, அதே நோய். அன்றைக்கு அவர் படகைக் காட்டியபோது நீ கிட்டப் போய்க் குனிந்து, ஓரத்தில் இருந்த அந்தத் துத்தநாகத் துண்டைத் தொட்டுப் பார்த்தாய். அது பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. உன் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் ஒரு நொடி வந்தது. சொந்த மாப்பிள்ளை இருக்கும்போது அவர் சென்னையிலிருந்து ஆள் வரவழைக்கப் போகிறார். கல்யாணம் நிற்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் நீ காலம் முழுக்க சிரித்துக்கொண்டே வேடிக்கை பார்க்கிற மாப்பிள்ளையாக இருப்பாய். உனக்குப் பிறக்கப் போகிற பிள்ளைகூட ஒருநாள் அந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கும்.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஆனாலும் பட்டவன் என்கிற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுகன்யா ஏதாவது தப்பு செய்தால் நீ போய் முன்னால் நின்று 'நான்தான்' என்று சொல்லாதே. பக்கத்தில் நில். 'நீதான் பண்ண, சரி, வா பார்க்கலாம்' என்று சொல். என்னைக் காப்பாற்றத்தான் நீ அன்றைக்கு அப்படிச் சொன்னாய், எனக்கு அது தெரியாதா? ஆனால் நீ சொன்னதும் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ஒரு நிமிஷம் நீ பொறுத்திருந்தால் ஒருவேளை எனக்கு வாய் வந்திருக்குமோ என்று இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வந்திருக்காது என்றும் தோன்றுகிறது. பார், இப்போதுகூடப் பழியில் ஒரு துளியை உன் பக்கம் தள்ளப் பார்க்கிறேன். இந்தப் புத்தி அவ்வளவு சுலபமாகப் போகாது போலிருக்கிறது. இந்த வரிகளை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும், உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். வேனில் நம் சனம் எல்லாம் வரும். கூரத்து அத்தை வருவாள். முதலாளியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், முன்வரிசையில்தான் உட்காரவைக்க வேண்டும். அந்தப் பழைய படகுக்காரரையும் உன் மாமனார் கூப்பிட்டிருக்கிறாராம். தட்டு மாற்றுவதற்கு முன்னால் நான் எழுந்து நிற்பேன். 'அந்தக் காலைச் சோடாவில் போட்டவன் நான். என் பையன் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவனைத் திட்டியதும் நான், அவனை வைத்துக் கதைகட்டிச் சிரித்ததும் நான்' என்று சொல்வேன். அந்தப் போல்ட்டு என் பையில் இருக்கும். அன்று நீ அதை அலமாரி மேல் பேரிங் டப்பா பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாய், நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன். அதையும் காட்டுவேன். முதலாளி அதற்கப்புறம் நூல் கொடுப்பாரா என்று தெரியாது. வீரமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலே எனக்கு இப்போதே முழங்கால் நடுங்குகிறது. உன் அம்மாவிடம் சொன்னேன். "மொதல்ல சொல்லு, அப்பறம் நடுங்கு" என்றாள்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். சொல்லும்போது நடுவில் நிற்பேன். வார்த்தை வராமல் உன்னைத்தான் பார்ப்பேன், பழக்கதோஷம். உடனே நீ எழுந்துவிடுவாய். "நைனா சும்மா எனக்காகச் சொல்றாருங்க, நான்தான் போட்டேன்" என்பாய். சபையும் உன்னைத்தான் நம்பும், என்னை உட்காரச் சொல்லிவிடும். நானும் உட்கார்ந்துவிடுவேன் கண்ணு, என்னை எனக்குத் தெரியும். அதனால் உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். நான் எவ்வளவு நேரம் பேச்சு வராமல் நின்றாலும் நீ எழுந்திருக்காதே. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திரு. பிடித்துக்கொண்ட போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருந்தாயே, அதே மாதிரி காத்திரு. அன்றைக்குப் படகுக்காரர் யார் என்று கேட்டபோது நீ சொன்ன 'நான்தான்' உன்னுடையது இல்லை. அது என் சொல். எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு.